ஸ்பேர் வண்டி இல்லாத சார்ட்

டாக்டரம்மா மேசைக்கு மேலே இரண்டு விரலை நீட்டிக் காட்டினார். சின்னப் பிள்ளைகள் ஒன்றைத் தொடு என்று நீட்டுவார்களே, அதே மாதிரி. தொட வேண்டியவள் மடியில் கைகளை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மருந்து ஒண்ணுதாம்மா, ஏத்தற விதம்தான் ரெண்டு. மூணு வாரத்துக்கு ஒரு தடவை மொத்தமா ஏத்தலாம். இல்லன்னா அதையே பிரிச்சு வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தலாம். மொத்தமா ஏத்தினா இங்க வர்றது கம்மி, ஆனா ஒவ்வொரு தடவையும் உடம்பு ஆடிப்போயிரும். கொஞ்சமா ஏத்தினா தாங்கிக்கலாம், ஆனா வாராவாரம் ஊசி, வாராவாரம் ரத்த டெஸ்ட். உங்க நிலைமைக்கு ரெண்டுமே சரிதான். எது தோதுப்படும்னு நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் பக்கத்தில் இருந்த புருஷனைப் பார்த்தாள். அவர் சுவரில் இருந்த ஏ.சி.யைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃப்ரிட்ஜும் ஏ.சி.யும் பழுது பார்க்கிறவர் அவர். பயம் வந்தால் பக்கத்தில் ஓடுகிற எந்திரத்தின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்துவிடுவார்.

"நீங்க சொல்ற மாதிரி செய்றோம் டாக்டர்" என்றாள்.

"நான் ரெண்டும் சரின்னுதானே சொல்றேன்."

"ஏதாவது ஒண்ணைத் தப்புன்னு சொல்லிடக் கூடாதா."

டாக்டரம்மா சிரித்தார். இவள் சிரிக்கவைக்க அதைச் சொல்லவில்லை.

மார்பில் வந்த கட்டியை அறுத்து எடுத்து, புண் ஆறி, தையல் பிரித்தாயிற்று. அதுவரை யாரும் அவளை எதையும் கேட்கவில்லை. படு என்றார்கள், படுத்தாள். கையைத் தூக்கு என்றார்கள், தூக்கினாள். பயம் இருந்தது, ஆனால் அது பஸ்ஸில் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறவளின் பயம். இப்போது ஸ்டியரிங்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். கண்ணுகளா, இந்தப் பயம் வேறு. தப்பாகப் போனால் நானே தேர்ந்தெடுத்த தப்பு என்று ஆகிவிடுமே என்ற பயம்.

அவளுக்கு வேலை பஸ் டெப்போவில். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எந்த டிரைவர் எதில் ஏற வேண்டும் என்று மறுநாளைக்கான சார்ட்டைச் சாயங்காலமே பெரிய கரும்பலகையில் எழுதிவிட்டுப் போவாள். அச்சடித்த மாதிரி எழுத்து. அங்கே அவளுடைய சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை. சார்ட்டம்மா என்றால்தான் தெரியும். காலை ஷிப்ட் கேட்டும் லீவு கேட்டும் டிரைவர்கள் அவளுடைய ஜன்னலில் தொங்கிக்கொண்டே இருப்பார்கள். "என் பொண்டாட்டிகிட்ட கெஞ்சினதைவிட உங்ககிட்டதான் சார்ட்டம்மா நான் ஜாஸ்தி கெஞ்சியிருக்கேன்" என்பார் ஒருவர். "அங்க கொஞ்சம் கெஞ்சியிருந்தா இங்க லீவு கேக்க வேண்டியிருக்காது" என்பாள் இவள், சாக்பீஸை நிறுத்தாமல்.

சார்ட் போட உட்கார்ந்தால் அவள் முதலில் இழுப்பது ஸ்பேர் வண்டிக்கான கோடு. அதற்கு ரூட் கிடையாது, டிக்கெட் கிடையாது. ஒரு டிரைவர் அதில் ஏறி என்ஜினை ஓடவிட்டு, கேட் ஓரமாகச் சும்மா உட்கார்ந்திருப்பார். வழியில் ஏதாவது வண்டி படுத்துவிட்டால் அந்த இடத்துக்கு இது ஓடும். படுக்கவில்லையென்றால் நாள் முழுக்க நிற்கும். டிரைவர்கள் அதை வீட்டோட மாப்பிள்ளை என்று கூப்பிடுவார்கள். வேலை கிடையாது, மரியாதை மட்டும் உண்டு. அந்தக் கோட்டை முதலில் போட்டு அதற்குக் கீழேதான் மற்ற எல்லாவற்றையும் எழுதுவாள். அதனால்தான் அவள் அந்த நாற்காலிக்கு வந்த பிறகு ஒரு டிரிப்கூடக் கட் ஆனதில்லை. டிரிப் கட் என்றால் கிளம்ப வேண்டிய வண்டி கிளம்பாமலே போவது. டெப்போக்காரர்களுக்கு அதைவிட அவமானம் கிடையாது.

ஒரு டிரிப் கட் ஆனால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். நிறுத்தத்தில் நிற்கிற கூட்டம் அப்படியே நிற்கும். அடுத்த வண்டிக்கான கூட்டமும் வந்து அதோடு சேரும். அடுத்த வண்டி வந்தால் ஏற முடியாது, படியில் தொங்கும், ஒருபக்கமாய்ச் சாயும். வண்டி வராத அந்த இடைவெளிதான் கூட்டத்தை வளர்க்கிறது.

இப்போது உடம்புக்குள்ளே இருக்கிறதையும் அவள் அப்படித்தான் நினைத்தாள். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று எங்கோ ஒரு நிறுத்தத்தில் ஒன்றிரண்டாக நிற்கிறது. மருந்து குறித்த நேரத்துக்கு வந்து வாரிக்கொண்டு போய்விட வேண்டும். வராத வாரத்தில் அது கூட்டமாகிவிடும். யாரிடமும் அவள் இதைச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள், அல்லது ஆமாம் என்பார்கள். அவள் அதிகம் பயந்தது இரண்டாவதற்குத்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் சாப்பாட்டு மேசையில் மூன்று பேர். அவள், புருஷன், மாடிப் போர்ஷனில் இருக்கிற நாத்தனார். நாத்தனாரும் அதே டெப்போதான், பஸ் ஓட்டுகிறாள். டிரைவர் பரீட்சையில் குறுக்கே வந்த பூனைக்காக அவள் போட்ட பிரேக்கில், பரிசோதகரின் பல்செட் கழன்று முன்கண்ணாடியில் மோதி விழுந்தது. அன்றிலிருந்து டெப்போவில் அவளுக்குப் பெயர் பிரேக்கு. பரீட்சையில் பாஸ்தான், பூனையும் பிழைத்தது.

"வாராவாரமே போயிடுங்க அண்ணி" என்றாள் பிரேக்கு. "எதையும் மெதுவா, கொஞ்சம் கொஞ்சமாத்தான் அழுத்தணும். ஒரேயடியா அழுத்தினா வண்டி குலுங்கும்."

"இதை நீ சொல்றியா?" என்றாள் சார்ட்டம்மா.

அவள் புருஷன் பல நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். பிறகு உடனே நிறுத்திக்கொண்டார், ஏதோ தப்புச் செய்துவிட்டவர் மாதிரி.

"நீங்க என்னங்க சொல்றீங்க?"

"எனக்கு என்ன தெரியும்? ஃப்ரிட்ஜா இருந்தா கழட்டிப் பாத்துச் சொல்லிடுவேன்."

"என்னைக் கழட்டித்தான் பாத்துட்டாங்களே."

பிரேக்கு தண்ணீர் டம்ளரை நகர்த்தி நகர்த்தி வைத்தாள். டம்ளருக்கு அடியில் வட்டமாய் ஈரம் இருந்தது. அந்த ஈரத்தில் விரலைத் தொட்டு, மேசைமேல் சார்ட்டம்மா கோடு இழுத்தாள். வாராவாரம் என்றால் பன்னிரண்டு கோடு. மூன்று வாரத்துக்கு ஒன்று என்றால் நாலே நாலு. பன்னிரண்டு டிரிப் இருந்தால் கட் ஆவதற்குப் பன்னிரண்டு இடம் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ரத்தம் எடுத்துப் பார்த்து, சரியில்லை, இன்றைக்கு வேண்டாம் என்று திருப்பி அனுப்பலாம். நாலு என்றால் நாலு இடம்தான். பார்த்துக்கொண்டு இருக்கும்போதே கோடுகள் ஓரத்திலிருந்து காய்ந்தன.

"நாலே போதும்" என்றாள்.

"நல்லா யோசிச்சீங்களா அண்ணி?"

"என் வேலையே அதுதானே."

முதல் டிரிப் ஓடிற்று. நீளமான அறை. சாய்ந்துகொள்ள அகலமான நாற்காலிகள், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் பாட்டில் தொங்கும் கம்பி. ஆபரேஷன் ஆகாத பக்கத்துக் கையில் ஊசியைக் குத்தி, நர்ஸ் பிளாஸ்திரி ஒட்டினாள். மருந்துக்கு நிறம் இல்லை, தண்ணீர் மாதிரி இருந்தது. இவ்வளவு பயத்துக்கும் காரணமானது இப்படிச் சாதுவாகச் சொட்டுகிறதே என்று அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

பக்கத்து நாற்காலிக்கு நீலச் சால்வை போர்த்திய ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். நர்ஸ் குனிந்து அவளிடம் ஏதோ சொன்னாள். "போன வாரமும் இதையேதானே சொன்னீங்க" என்றாள் அந்தப் பெண். ரத்தத்தில் வெள்ளணு குறைந்துவிட்டதாம், இன்றைக்கு மருந்து ஏற்ற முடியாதாம். அவள் எழுந்து சால்வையைச் சரிசெய்துகொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அழவில்லை. போகிற வழியில் சார்ட்டம்மாவின் பாட்டிலை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். வண்டி நிற்காமல் போகும்போது நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. சார்ட்டம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

கிளம்பும்போது, கூட்டிப்போக வந்திருந்த பிரேக்குவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நர்ஸ் சொன்னாள்: "முக்கியமான விஷயம் ஒண்ணே ஒண்ணுதான். காய்ச்சல் வந்தா உடனே இங்க வரணும். மாத்திரை போட்டு அமுக்கிட்டு வீட்ல உக்காரக் கூடாது. வெள்ளணு இறங்கியிருக்கிற நேரத்துல வர்ற காய்ச்சல் ஆளையே கொண்டுபோயிரும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது" என்றாள். காதில் விழுந்ததும் புரிந்ததும் நிஜம்தான்.

வாந்தி வந்தது, போனது. எலும்பெல்லாம் யாரோ முறுக்கிப் பிழிந்த மாதிரி வலித்தது. தலையணையில் முடி ஒட்டிக்கொண்டு வரத் தொடங்கியதும் பிரேக்கு கத்தரிக்கோலோடு இறங்கி வந்து, "டெப்போ முழுக்க உங்களுக்குப் பயப்படுது அண்ணி, மொட்டை போட்டா இன்னும் பயப்படும்" என்று சொல்லிக்கொண்டே வெட்டிவிட்டாள். வெட்டி முடித்துக் கூட்டி அள்ளும்போது மூக்கை மூக்கை உறிஞ்சினாள். இவள் பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள்.

ஒரு வாரம் கழித்து வேலைக்குக் கிளம்பினாள். கூட்டத்தில் நிற்கக் கூடாது, தனி அறை என்றால் போகலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். புருஷன் வேண்டாம் என்றார். "வீட்ல இருந்தா யோசிச்சுக்கிட்டே இருக்கேங்க" என்றாள். அவருக்கு அது புரிந்தது. அவரும் யாருடைய ஃப்ரிட்ஜையாவது தேவைக்கு மேல் கழற்றிப் போட்டுக்கொண்டு இருந்தார் அந்த நாட்களில்.

அடுத்த சில நாளில் ஒரு காலை. முகம் கழுவும்போது தண்ணீர் பட்ட இடமெல்லாம் சிலிர்த்தது. தோள்பட்டையிலிருந்து முதுகு வழியாக ஒரு குளிர் இறங்கிற்று. இன்னொன்று. அவள் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழாய் சில்லென்று இருந்ததா, தன் கை சூடாக இருந்ததா என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் அவள் விரும்பவில்லை. தெர்மாமீட்டர் அலமாரியில் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதை எடுத்தால் ஒரு எண் வரும். எண் வந்தால் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்றால் படுக்கவைத்து, ரத்தம் எடுத்து, அடுத்த மருந்தைத் தள்ளிப் போடுவார்கள். நாலே நாலில் இரண்டாவதே கட். நீலச் சால்வை போர்த்தியவளின் பார்வை ஞாபகம் வந்தது. நிறுத்தத்தில் கூட்டம் சேர்வது தெரிந்தது. காய்ச்சலைவிட அந்தக் கூட்டத்துக்குத்தான் அவள் பயந்தாள். இழுப்பறையில் பழைய காய்ச்சல் மாத்திரை இருந்தது. போட்டுக்கொண்டாள்.

"என்னம்மா, கண்ணு ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டார் புருஷன்.

"முகம் கழுவினேன்ல."

சொல்லிவிட்டு அவள் குனிந்து செருப்பை மாட்டினாள். நிமிர ஒரு நொடி ஆயிற்று.

மத்தியானம் வரைக்கும் மாத்திரை தாங்கிற்று. அதற்குப் பிறகு மேசைக்கு அடியில் முழங்கால்கள் தானாக ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டாள். வெளியே ஷெட்டில் வெயில் கொதித்தது. மெக்கானிக்குகள் பனியனோடு டயர் உருட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு மாத்திரை போட்டாள். மறுநாள் சார்ட்டை எழுதி முடித்துவிட்டால் போதும், வீட்டுக்குப் போய்ப் போர்த்திப் படுத்துக்கொள்ளலாம் என்று சாக்பீஸை எடுத்தாள். முதல் கோடு, ஸ்பேருக்கு. கோடு நேராகத்தான் போகிற மாதிரி அவளுக்குத் தோன்றியது.

டிரிப் முடித்து வந்த பிரேக்கு ஜன்னலில் தலையை நீட்டினாள். வந்ததும் ஏதாவது வம்பு இழுப்பது அவள் வழக்கம். அன்றைக்கு வாயைத் திறந்தவள் அப்படியே பலகையைப் பார்த்தாள். எழுத்தெல்லாம் சரிந்து மழையில் நனைந்த துணி மாதிரி கீழே தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்பேர்க் கோடு இரண்டாவது வண்டியின்மேல் ஏறி, மூன்றாவதைத் தாண்டி இறங்கியிருந்தது.

"அண்ணி, கையைக் குடுங்க."

"எதுக்கு? உன் வண்டி கிளம்ப நேரம் ஆச்சு, போ."

பிரேக்கு ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் விட்டாள், சூடான சைலன்ஸரைத் தொட்டுவிட்டவள் மாதிரி. "எப்பலேருந்து?"

"ஒண்ணுமில்ல. மாத்திரை போட்டிருக்கேன்."

"நர்ஸ் என்ன சொன்னாங்க? நானும்தானே பக்கத்துல நின்னேன்."

"தள்ளிப்போட்டுருவாங்கடி." சார்ட்டம்மாவின் பற்கள் தந்தியடித்தன. "ரெண்டாவதே கட் ஆகிடும். ஒண்ணு கட் ஆனா எல்லாம் குழம்பும். உனக்குத் தெரியாதா? முதல்ல நீ போ, ஸ்பேர் டிரைவரை வண்டியோட காலையிலேயே வேற ரூட்டுக்கு அனுப்பிட்டேன். நீயும் போகலைன்னா இந்த டிரிப் கட்."

"ஆகட்டும்."

"என்ன ஆகட்டும்?"

பிரேக்கு சுற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். பலகையின் மறுபாதியில் இருந்த அன்றைய சார்ட்டில் தன் வண்டி எண்ணுக்கு நேரே இருந்ததை உள்ளங்கையால் துடைத்தாள். சாக்பீஸ் தூள் அவள் காக்கிச் சட்டையில் உதிர்ந்தது. அந்தப் பலகையில் அப்படி ஒரு வெற்றிடத்தைச் சார்ட்டம்மா பார்த்ததே இல்லை. கத்த வேண்டும் என்று நினைத்தாள். அதற்குள் தரை கொஞ்சம் கொஞ்சமாய்ச் சாய்ந்து சுவரோடு சேர்ந்தது.

டெப்போவில் உடனே கிளம்பத் தயாராக இருந்தது பிரேக்டவுன் வண்டி ஒன்றுதான். வழியில் படுத்துவிடுகிற பஸ்களைக் கட்டி இழுத்து வருகிற வண்டி அது. முன்சீட்டில் ஸ்பானர்களை ஒதுக்கி, கிரீஸ் படிந்த சாக்கை உதறிப் போட்டு அவளை உட்கார வைத்தார்கள். பிரேக்கு ஓட்டினாள். அன்றைக்கு வழியில் எங்கேயும் அவள் பிரேக் போட்டதாகச் சார்ட்டம்மாவுக்கு ஞாபகம் இல்லை. ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்தபோது ஒரு நிறுத்தம் ஜன்னலோரமாய்ப் போயிற்று. வராத வண்டிக்காக ஆட்கள் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கூட்டம்" என்றாள்.

"அடுத்த வண்டில ஏறிப்பாங்க அண்ணி. கண்ணை மூடுங்க. இல்ல இல்ல, மூடாதீங்க, பேசிக்கிட்டே வாங்க."

கண்ணுகளா, அதற்குப் பிறகு நடந்தது அவளுக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். கையில் ஒரு ஊசி, இன்னொரு ஊசி. "பிரஷர் இறங்குது" என்று யாரோ யாரிடமோ சொன்னது. செருப்புச் சத்தம் நடையாக இருந்து ஓட்டமாக மாறியது. கதவில் சின்னக் கண்ணாடி. அதில் அவள் புருஷனின் நெற்றி மட்டும். அவரை உள்ளே விடவில்லை. நெற்றி கண்ணாடியில் அழுந்தி வெளுத்திருந்தது. தான் போய்விட்டால் அவர் எந்த எந்திரத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தாள். அப்போதுதான் அவளுக்கு நோயைப் பற்றிய பயம் போய், நேரான, மொட்டையான, மூச்சு முட்டுகிற இன்னொரு பயம் வந்தது. கட் ஆவது டிரிப் இல்லை. வண்டியே.

இரண்டு நாள் அப்படி இழுத்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கிற்று. முகமூடி மாட்டிவிட்டுப் புருஷனை உள்ளே விட்டார்கள். அவர் கட்டில் பக்கத்தில் நின்றார். திட்டுவதற்கென்று எவ்வளவோ சேர்த்துவைத்துக்கொண்டு வந்திருந்தார் என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"முகம் கழுவினேன்ல-ன்னு சொன்ன" என்றார். அவ்வளவுதான் வந்தது.

"பயமா இருந்துதுங்க."

"எனக்கு மட்டும் என்ன கொண்டாட்டமா? சொல்லித் தொலைச்சிருந்தா சேந்து பயந்திருக்கலாம்."

அவள் ஊசி குத்தாத விரல்களால் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். அவர் நகரவில்லை. மருந்து ஏற்றும் எந்திரம் ஒன்று தலைமாட்டில் சீராகச் சத்தம் போட்டது. அவர் அதைக் கேட்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா வந்தபோது பிரேக்குவும் இருந்தாள். சார்ட்டம்மா மனதில் இருந்ததை ஒருவழியாக வெளியே கொட்டினாள். நிறுத்தம், கூட்டம், வராத வண்டி, எல்லாவற்றையும். டாக்டரம்மா குறுக்கே பேசாமல் கேட்டார், சிரிக்கவில்லை.

"திரும்ப வரவே வராதுன்னு நான் எழுதிக் குடுக்க முடியாதும்மா" என்றார். "ஆனா ஒரு வாரம் தள்ளிப் போறதால எல்லாம் கெட்டுப் போயிடாது. தள்ள வேண்டி வரும்னு தெரிஞ்சுதான் நாங்க கணக்கே போடறோம். நடுவுல விடற இடைவெளி சும்மா விடற இடைவெளி இல்ல. உங்க ரத்தம் எழுந்து நிக்கறதுக்கு விடறது. நீங்க காய்ச்சலை மறைச்சீங்க பாருங்க, அதைத்தான் என்னால கணக்குல சேக்க முடியல."

சார்ட்டம்மா போர்வையைப் பார்த்தாள். போர்வையில் நீளமாய்க் கோடுகள். அவள் விரல் தன்னால் மேல் கோட்டில் போய் நின்றது.

"நான் ஸ்பேர் போடல" என்றாள்.

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. பிரேக்குவுக்குப் புரிந்தது. அவள் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மத்தவங்களுக்கெல்லாம் முதல் கோடு அதுதான் போடுவேன். எனக்குப் போட மறந்துட்டேன். நாலையும் நெருக்கி வச்சு, ஒண்ணும் தப்பாதுன்னு நெனச்சுட்டேன்."

"இப்ப மறுபடி கேக்கறேன்" என்றார் டாக்டரம்மா. "மொத்தமா ஏத்தறதையே அளவு குறைச்சுத் தொடரலாம். இல்ல, மிச்சத்தைப் பிரிச்சு வாராவாரம் வச்சுக்கலாம். ஒரு வாரம் உடம்பு சரியில்லன்னா அந்த வாரத்தை விட்டுட்டு அடுத்த வாரம் ஏத்திக்கலாம்."

மறுபடியும் இரண்டு விரல். பயம் கொஞ்சமும் குறையவில்லை. வாராவாரம் என்றால் வாராவாரம் அந்த நாற்காலி, வாராவாரம் ரத்தம் எடுத்துவிட்டு அந்த நர்ஸின் முகத்தைப் பார்ப்பது.

"வாராவாரம்" என்றாள். "ஆனா முடியற தேதின்னு ஒண்ணை என்கிட்ட சொல்லாதீங்க டாக்டர். சொன்னா அதைப் பிடிச்சுக்குவேன்."

டெப்போவில் அந்த ஒரு கட் டிரிப்புக்காகப் பிரேக்குவிடம் விளக்கம் கேட்டார்கள். "வண்டி படுத்துருச்சு, இழுத்துட்டுப் போக வேண்டியதாப் போச்சு" என்றாளாம். எந்த வண்டி என்று கேட்டதற்கு, "எங்க அண்ணி" என்றாளாம். அதோடு விட்டுவிட்டார்கள்.

வாரங்கள் போயின. ஒருநாள் நர்ஸ் அவள் பக்கத்திலும் குனிந்து, இன்றைக்கு வேண்டாம், அடுத்த வாரம் வாருங்கள் என்றாள். அவளும் எழுந்து பையைத் தூக்கிக்கொண்டு அந்த நீள அறையைக் கடந்தாள். வாசலில் பிரேக்கு, "இன்னிக்கு ஸ்பேரா அண்ணி?" என்றாள். "ஸ்பேர்" என்றாள். வீட்டுக்குப் போய் அலமாரியில் இருந்த பாத்திரத்தையெல்லாம் இறக்கித் துடைத்து மறுபடி ஏற்றினாள். அந்த வாரம் முழுக்கக் கூட்டம் கண்ணுக்குள்ளேயே நின்றது. அடுத்த வாரம் ஊசி ஏறியபோது, பயந்த பயத்தில் பாதி வீணாய்ப் போயிற்றே என்று அவளுக்கே சலிப்பாக இருந்தது.

பிறகு ஒரு சாயங்காலம். புருஷன் பின்கட்டில் யாருடையதோ ஒரு சின்ன ஃப்ரிட்ஜைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கடைசித் துண்டை மடிக்கும்போது முதுகில் அந்தக் குளிர் இறங்கிற்று.

கையிலிருந்த துண்டு அப்படியே நின்றது. இழுப்பறை அவளுக்கு நேரே இருந்தது. யாரும் பார்க்கவில்லை. ஜன்னலைச் சாத்தினால் போதும், வெறும் காற்றுதான் என்று தனக்கே சொல்லிக்கொள்ளலாம். மறுநாள் ஊசி போடுகிற நாள். இவ்வளவு தூரம் வந்த பிறகு மறுபடி அந்தக் கதவு, கண்ணாடி, வெளுத்த நெற்றி. கூப்பிட வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தாள்.

"என்னங்க."

ஸ்பானர் கீழே விழுந்த சத்தம் கேட்டது.

"குளுருது."

அவர் ஓடி வந்தார். அவர் கையில் எண்ணெய் இருந்ததால் அவளே தெர்மாமீட்டரை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அவர் மாடிப்படியைப் பார்த்து ஒரே ஒரு குரல் கொடுத்தார். பிரேக்கு எதுவும் கேட்காமல் சாவியோடு தடதடவென்று இறங்கித் தெருவுக்கு ஓடினாள். அவளுடைய பழைய கார் கிளம்ப வேண்டுமென்றால் முன்கூட்டியே கெஞ்ச வேண்டும். வெளியே கார் இருமியது, செருமியது, கடைசியில் பிடித்துக்கொண்டது.

"வாயைத் திறக்காத" என்றார் புருஷன். "கல்யாணம் ஆனதுலேருந்து இவ்வளவு நேரம் நீ பேசாம இருந்து நான் பாத்ததே இல்ல." சிரிக்கப் பார்த்தார். உதடு கோணிக்கொண்டது. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எண்ணெய் பிசுபிசுத்தது.

தெர்மாமீட்டர் கூவிற்று. அவர் வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"இல்லம்மா, காய்ச்சல் இல்ல. ஜன்னல் தொறந்திருக்கு, காத்துதான்."

அவள் எண்ணைப் பார்த்தாள். நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு தரம் பாக்கலாங்க."

"பாக்கலாம். நான் போய் அவளை என்ஜினை அணைக்கச் சொல்றேன்."

அவள் அவர் கையை விடவில்லை. தெருவில் கார் அதே இடத்தில் நின்று தடதடத்துக்கொண்டிருந்தது.

"அணைக்க வேணாம்" என்றாள். "கொஞ்ச நேரம் சும்மா ஓடட்டும்."